அரைச் சுற்று

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்னதோடு நிற்கவில்லை, கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்து அஷ்வத்தின் முகத்துக்கு நேராகக் காட்டியும்விட்டேன், தண்ணீருக்கடியில் காட்டுவதுபோல, சந்தேகத்துக்கு இடமில்லாமல். அவன் தலையாட்டிவிட்டு ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுத்தான், கீழ் உதட்டைத் துடைத்துக்கொண்டான், அவ்வளவுதான், சோதனை முடிந்தது. படகு புதுச்சேரி மீன்பிடித் துறைமுகத்தை விட்டு நகர்ந்து ஐந்து நிமிடமாகிறது. ஐஸ் வாடையும் டீசல் வாடையும் பின்னால் போய்விட்டன. நண்டுப் பாருக்கு, நாங்கள் இறங்கப்போகும் கடலடிப் பாறைக்கு, இன்னும் நாற்பது நிமிடம் என்று அருளப்பன் அண்ணன் எஞ்சின் பக்கமிருந்து கத்திச் சொன்னார். நாற்பது நிமிடம் இருக்கிறது. சொன்ன சரியை அதற்குள் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். ‘அஷ்வத், உங்க வால்வு’ என்று இரண்டு சொல் போதும், மிச்சத்தை ஜெபஸ்டின் பார்த்துக்கொள்வார், ஸ்கூபா பள்ளி அவருடையது, எங்கள் இருவரையும் கீழே கூட்டிப்போகிறவரும் அவர்தான். வாய் திறக்கவில்லை. நான் பார்த்ததை வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன், எதையும் வரிசையாகச் சொன்னால் எனக்குப் பதற்றம் கொஞ்சம் அடங்கும். ஜெபஸ்டின் இரண்டு சிலிண்டர்களின் வால்வையும் முழுதாகத் திறந்து வைத்திருந்தார். அஷ்வத் வந்தான். தனக்கும் தெரியும் என்று காட்டவேண்டும் அவனுக்கு. தன் சிலிண்டரின் வால்வில் கை வைத்து, திறப்பதாக நினைத்துக்கொண்டு வலது பக்கம் திருகினான், திருகிக்கொண்டே போனான், இனி நகராது என்ற இடம் வந்ததும் “ஃபுல் ஓப்பன்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அரைச் சுற்று பின்னால் விட்டான். மூடிய இடத்திலிருந்து அரைச் சுற்று. பிறகு ரெகுலேட்டரைக் கடித்து, கடலைப் பார்த்தபடி மூச்சிழுத்தான். மூச்சிழுக்கும்போது காற்றழுத்த மீட்டரைப் பார்க்கவேண்டும், அவன் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். இருநூறில் நின்ற முள் அவன் இழுத்த ஒவ்வொரு மூச்சுக்கும் நூற்றைம்பதுக்குச் சரிந்து மறுபடி இருநூறுக்கு ஏறியது. “என்ன முப்பி, இருநூறு இருக்கா?” என்றான். “இருக்கு” என்றேன். இருந்தது. அது பொய் இல்லை. “அப்போ ஓகே?” அதற்குத்தான் சரி என்றேன். அதுதான் பொய்.

அரைச் சுற்று பின்னால் விடுவது பழைய பாடம். எனக்கும் முதல் வகுப்பில் அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள், இரண்டு வருடத்துக்கு முன்னால், இதே ஊரில், வேறொரு பள்ளியில், அலுவலகத்திலிருந்து பத்துப் பேர் சேர்ந்து வந்தபோது. முழுதாகத் திறந்து அரைச் சுற்று விடு, அப்போதுதான் வால்வு இறுகிக்கொள்ளாது என்றார்கள், நான் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். போன வருடம் ஜெபஸ்டினிடம் அடுத்த நிலைக்குச் சேர்ந்த முதல் நாளே அந்த அடிக்கோட்டை அடிக்கவேண்டி வந்தது. “அதெல்லாம் அப்போ. இப்போ ஃபுல்லா திற, இல்லேன்னா ஃபுல்லா மூடு. நடுவுல எதுவும் கெடையாது. திறந்துருக்கா மூடிருக்கான்னு கொழம்பி மூடுன பக்கத்துலேர்ந்து அரைச் சுத்து விட்டான்னு வெச்சுக்க, மேல எல்லாம் நல்லாவே இருக்கும். கீழ போனாத்தான் தெரியும்.” கீழே போனால் காற்று அடர்த்தியாகும், ஒரு மூச்சுக்கு மேலே தேவைப்படுவதைப்போல மூன்று பங்கு அந்த இடுக்கு வழியாக வரவேண்டும், வராது. ஐந்து மீட்டரில் லேசாக இழுவையாக இருக்கும். பத்தில் ஏதோ தொண்டை சரியில்லை என்று நினைப்பான். பதினெட்டில் உறிஞ்சினால் வராது. மீட்டரைப் பார்த்தால் முள் இருநூறுக்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் பைத்தியம் பிடித்ததுபோல ஆடும், அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியாது, ஏனென்றால் அவன் படிக்கவில்லை. முந்தாநாள் அலுவலகச் சுற்றுலாவுக்கு வந்து நாங்கள் இருவரும் பெயர் கொடுத்தபோது ஜெபஸ்டின் கேட்டார், ஒரு வருடத்துக்கு மேல் இறங்காதவர்களுக்கு நீச்சல் குளத்தில் அரைநாள் மறுபயிற்சி உண்டு, வருகிறீர்களா என்று. “பிரதர், சைக்கிள் ஓட்டத் தெரிஞ்சவனுக்கு ரெஃப்ரெஷர் கோர்ஸா?” என்று சிரித்தான் அஷ்வத். கடைசியாக எப்போது இறங்கினீர்கள் என்ற கட்டத்தில் ஆறு மாதம் முன்பு, அந்தமான் என்று எழுதினான். ஆறு மாதத்துக்கு முன்னால் அவன் அலுவலகத்தில்தான் இருந்தான், எனக்குத் தெரியும், எங்கள் குழுவின் வேலை ஒப்படைப்பு மாதம் அது, தினமும் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தவன் அவன். அவன் எழுதும்போது நான் பக்கத்தில் நின்றேன். அப்போதும் சொல்லவில்லை. அப்படியானால் இது துறைமுகத்தில் தொடங்கியது இல்லை. முந்தாநாளே தொடங்கிவிட்டது. இல்லை, அதுவும் இல்லை, இரண்டு வருடமாகிறது.

நாற்பத்தொரு நொடி. அந்த வீடியோவின் நீளம் அது. அந்த முதல் பயிற்சியில், பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில், என் முகமூடிக்குள் தண்ணீர் நுழைகிறது, மூக்கில் ஏறுகிறது, நான் கையை நீட்டுகிறேன், பக்கத்தில் இருந்தவன் என் ஜோடி. தண்ணீரில் ஜோடி என்றால் ஒருவர் மூச்சுக்கு இன்னொருவர் பொறுப்பு என்று பெயர். அன்றைக்கும் அஷ்வத்தான். அவன் தோளைப் பிடித்தேன். அவன் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தான், முதலில் சுண்டுவிரல், பிறகு அடுத்தது, அவசரமில்லாமல், சட்டையில் ஒட்டிய நெருஞ்சியை எடுப்பதுபோல. எடுத்துவிட்டு ஒரு கை தூரம் தள்ளி நின்று கேமராவை நீட்டினான். முகமூடிக்குள் என் கண்கள் இரண்டும் தண்ணீருக்குப் பின்னால் உருண்டு நிற்கும், கன்னம் உப்பியிருக்கும், கை இரண்டும் எதையோ பறிப்பதுபோல அசையும். நடுவில் அவன் தன் முகத்துக்குக் கேமராவைத் திருப்பி, விரல்களை வளையமாகச் சேர்த்துக் காட்டுவான். பயிற்சியாளர் வந்து என்னைப் பிடித்தது வீடியோவில் இல்லை, அதை வெட்டிவிட்டான். ஆண்டு விழாவில் பெரிய திரையில் போட்டார்கள். நாதஸ்வரம் சேர்த்திருந்தான் பின்னணியில். ‘எங்கள் குழுவின் ஆழமான தருணங்கள்’ என்று தலைப்பு. அரங்கம் முழுக்கச் சிரித்தது. மேடையில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு அஷ்வத் சொன்னான், “நம்ம முப்பிடாதி அவங்க குடும்பத்துலயே முதல் பட்டதாரி, முதல் டைவர், முதல்ல கத்தறதும் அவங்கதான்.” முப்பிடாதி எங்கள் சாமியின் பெயர். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் அவன் அதை முப்பி ஆக்கினான், அன்றைக்கு மட்டும் மேடையில் முழுப் பெயரையும் சொன்னான். அவன் சொன்னதை மன்னித்துவிடலாம். நானும் சிரித்தேன். அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்தவள் என்னைத் திரும்பிப் பார்த்தபோது நான் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும்வரை, கோபம் வந்ததாகத் தெரிந்துவிடக்கூடாதே என்று. ஒரு மாதம் வரைக்கும் வராந்தாவில் என்னைக் கண்டால் மூக்கைப் பிடித்துக்கொண்டு கன்னத்தை உப்பிக் காட்டினார்கள். மூக்கைப் பிடித்தவர்கள் எல்லார் முகமும் மறந்துவிட்டது. விரல்களைப் பிரித்த விரல்கள் மறக்கவில்லை. இதோ எதிரே கேமராவைக் கை மணிக்கட்டில் கட்டிக்கொண்டிருக்கின்றன, அதே விரல்கள், நகம் ஒட்ட வெட்டியவை.

அந்த வீடியோ எப்படியோ என் தம்பியின் கைப்பேசிக்கு வந்து, அவன் அதை அம்மாவுக்குக் காட்டிவிட்டான். சாத்தூரிலிருந்து அம்மா கூப்பிட்டாள், தீப்பெட்டி ஆபீஸில் வேலை விட்டு வந்த நேரம். அவளுக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை, நாதஸ்வரம் எதற்கு என்றும் தெரியவில்லை. “ஏட்டி, பக்கத்துல ஒருத்தன் நிக்கான்லா, அவன் ஏன் ஒன்னயப் பிடிக்கல?” என்றாள். நான் விளையாட்டும்மா என்றேன். “தண்ணிக்குள்ள என்னட்டி வெளையாட்டு?” என்று கேட்டாள்.  அந்த வாரமே வேளச்சேரியில் நீச்சல் குளத்தில் சேர்ந்தேன், ஆறு வயதுப் பிள்ளைகளோடு, மார்பளவுத் தண்ணீரில். பிறகு ஜெபஸ்டினிடம் இரண்டாம் நிலை, முப்பது மீட்டர் வரை. பிறகு முதலுதவி. பிறகு மீட்புப் பயிற்சி. ஒவ்வொரு சனிக்கிழமையும் பேருந்தில் புதுச்சேரி வருவேன், பையில் பாடப்புத்தகம், ஓரத்தில் பென்சில் குறிப்பு. முகமூடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் திறந்துகொண்டு ஐந்து நிமிடம் மூச்சுவிடப் பழகினேன். எதற்கு இவ்வளவு என்று ஜெபஸ்டின் ஒருமுறை கேட்டார். கடல் பிடிக்கும் என்றேன். அதுவும் முழுப் பொய் இல்லை. ஆனால் முப்பது மீட்டரில் இறங்கும்போதெல்லாம் நான் நினைத்துக்கொண்டது, அஷ்வத்துக்கு அனுமதி பதினெட்டு, எனக்கு முப்பது, பன்னிரண்டு மீட்டர் அவனுக்குக் கீழே நிற்கிறேன், அண்ணாந்து பார்த்தால் அவன் கால்தான் தெரியும் என்பது. படிப்பு அவனுக்கு வீட்டுச் சாமான், தாத்தா காலத்திலிருந்து மூலையில் கிடக்கிறது, ஒருமுறை வாங்கினால் வாங்கியதுதான். எனக்கு அது இரவல் மாதிரி. என்றைக்காவது யாராவது வாசலில் வந்து நின்று திருப்பிக் கொடு என்பார்கள் என்ற நினைப்பு போவதில்லை. முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காக கிராம அலுவலர் முன்னால் நின்றபோது, வீட்டில் வேறு யாருமே படிக்கவில்லையா, நிச்சயமாகவா என்று அவர் மூன்று முறை கேட்டார். மூன்றாவது முறை எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதனால்தான் மறுபடி மறுபடி படிக்கிறேன். கேட்டால் எடுத்துக் காட்டவேண்டும். மீட்புப் பயிற்சியில் பீதியடைந்தவனை எப்படி அடையாளம் காண்பது என்று ஒரு பாடம் உண்டு, கண் அகலும், தோள் காதுவரை ஏறும், கை எதையோ பறிக்கும். அதைப் படித்தபோது என் நாற்பத்தொரு நொடியைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு அடையாளத்துக்கும் எதிரே வீடியோவின் நொடியைக் குறித்து வைத்திருக்கிறேன். அதே பக்கத்தில்தான் இருந்தது, அருகில் இருப்பவர் முதலில் செய்யவேண்டியது என்ன என்பதும்.

“முப்பி, என்ன ஜெபமா?” அஷ்வத் காலை நீட்டி என் துடுப்புச் செருப்பைத் தட்டினான். கரை இப்போது ஒரு கோடு. அலை பக்கவாட்டில் வருகிறது, படகு ஒவ்வொரு முறையும் தோளைக் குலுக்குவதுபோல அசைகிறது. “பயமா இருந்தா சொல்லிடு. இந்தத் தடவை நான் கையைப் பிடிச்சுக்கறேன்.” “வேணாம்” என்றேன். “இல்லல்ல, இப்போ நீ பெரிய ஆளு. நாலு கோர்ஸ். எங்க பாட்டி வடக்க நாலு தாம் யாத்திரை போனதையே இவ்ளோ சொல்லிக்கல.” அருளப்பன் அண்ணன் சிரித்தார். ஜெபஸ்டின் சிரிக்கவில்லை, எழுந்து வந்து, கயிற்றில் கட்டியிருந்த சிலிண்டர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.  தொடட்டும், அவரே தொட்டு, திருகி, ‘என்ன இது’ என்று கேட்கட்டும், நான் ஒன்றும் செய்யாமல் எல்லாம் முடிந்துவிடும். தொடக்கூடாது, தொடக்கூடாது, அது என்னுடையது. இரண்டும் ஒரே நேரத்தில் தோன்றின, எது முதலில் என்று சொல்ல முடியவில்லை. அவர் கயிற்றின் முடிச்சை இறுக்கிவிட்டு, “தண்ணி இன்னிக்குக் கலங்கல். ரெண்டு பேரும் ஒட்டியே வாங்க. நான் முன்னாடி போறேன், உங்களுக்கு நடுவுல கை நீட்டுனா தொடற தூரம்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். கலங்கல். அவர் முன்னால். அப்படியானால் அவனுக்குப் பக்கத்தில் நான் மட்டும். கழுத்தில் கையை வைத்து வெட்டுவதுபோல இழுப்பான், காற்றில்லை என்பதற்கு அதுதான் சைகை, அது மட்டும் அவனுக்கு நினைவிருக்கும். என் மார்பில் மஞ்சள் குழாயில் உபரி ரெகுலேட்டர் தொங்கும், ஆக்டோபஸ் என்போம், ஜோடிக்குக் கொடுப்பதற்கென்றே இருப்பது. அவன் அதைப் பார்ப்பான். நான் அவனைப் பார்ப்பேன். தலையைச் சற்றுச் சாய்த்து, புரியாததுபோல. அவன் மணிக்கட்டில் கேமரா ஓடிக்கொண்டிருக்கும், அவன் கை ஆடுகிற ஆட்டத்தில் அவன் முகம் அதில் விழும், கண் அகலும், தோள் ஏறும், எத்தனையாவது நொடியில் எது என்று எனக்குத் தெரியும். அவன் வந்து என் தோளைப் பிடிப்பான். நான் அவசரப்படமாட்டேன். சுண்டுவிரலிலிருந்து தொடங்குவேன்.

இந்த இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் சிக்குகிறது. சுண்டுவிரலைப் பிரித்தவுடன் அவன் என்ன செய்வான்? வீடியோவில் நான் அங்கேயே நின்றேன், ஏனென்றால் எனக்கு வாயில் காற்று இருந்தது, கண்ணில்தான் தண்ணீர். அவனுக்குக் காற்றே இராது. மேலே பார்ப்பான். காலை உதைப்பான். நெஞ்சில் மிச்சமிருக்கிற அரை மூச்சைப் பிடித்துக்கொண்டு உதைப்பான், பீதியில் எல்லாரும் பிடித்துக்கொள்வார்கள், விடவேண்டும் என்று படித்தவர்கள்கூட. பதினெட்டு மீட்டரில் பிடித்த ஒரு மூச்சு மேலே வரும்போது கிட்டத்தட்ட மூன்று மூச்சாக விரியும். நுரையீரலுக்கு அவ்வளவு இடமில்லை. பாடம் ஏழு, பக்கத்தின் மேல்பாதி, படமும் இருக்கிறது, சிவப்பு மையில் சின்னச் சின்னக் குமிழிகள். அதைத் தவிர்த்துவிட்டு மிச்சத்தை மட்டும் நினைக்கப் பார்க்கிறேன், முகம், கண், கை, பிறகு உடனே கொடுத்துவிடுகிறேன், அவன் உறிஞ்சிக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டு மேலே வருகிறான், படகில் ஏறி அழுகிறான். அப்படி நடக்கலாம்தான். அதுவரைக்கும் நினைத்துவிட்டு நிறுத்த முடியவில்லை, படம் வந்துவிடுகிறது. ஒன்றும் படிக்காதவளாக இருந்திருந்தால் இது எவ்வளவு சுலபம். இரண்டு வருடத்துக்கு முந்தைய முப்பியாக இருந்திருந்தால் முள் ஏன் ஆடுகிறது என்றே தெரிந்திருக்காது, நல்ல மனதோடு சரி என்று சொல்லியிருப்பேன், அவன் போயிருப்பான், நான் அழுதிருப்பேன், யாரும் என்னை ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார்கள். பழிவாங்கவென்று படித்தேன், படித்ததே குறுக்கே வந்து நிற்கிறது. கோபமாக வருகிறது, இதற்கும் அவன்மேல்தான். சரி, இன்னொரு வழி இருக்கிறது. அவனுக்குத் தெரியாமல் திறந்துவிடலாம். அவன் சிலிண்டர் என் இடது முழங்கையிலிருந்து ஒரு சாண் தூரம். படகு அடுத்தமுறை சாயும்போது விழப்போவதுபோல ஒரு கையை ஊன்றி, இடது பக்கம் நாலு சுற்று. யாருக்கும் தெரியாது. அவன் இறங்குவான், ஏறுவான், சாப்பாட்டு மேசையில் கதை சொல்வான். நான் சொன்ன சரி தானாகவே உண்மையாகிவிடும். கை போயிற்று. வால்வின் ரப்பர் குமிழ் வெயிலில் சூடாக இருந்தது. எடுத்துவிட்டேன். அவனை அப்படி ஒன்றும் தெரியாதவனாகக் காப்பாற்றிவிட எனக்கு மனம் வரவில்லை. இதை எழுதிவைத்துக்கொள்ளவேண்டும், பிறகு மாற்றிச் சொல்லிக்கொள்ளக்கூடாது, நான் கையை எடுத்தது பயத்தால் இல்லை, அவனுக்கு இலவசமாக அதைக் கொடுக்கப் பிடிக்கவில்லை.

எஞ்சின் நின்றது. அருளப்பன் அண்ணன் நங்கூரத்தை விட்டார், கயிறு வெகுநேரம் ஓடி நின்றது. “பத்துப் பாகம்... பதினெட்டு மீட்டரு, உங்க கணக்குல” என்றார். அஷ்வத் சிலிண்டர் பொருத்திய காற்றுச் சட்டையை மாட்டிக்கொண்டு படகின் விளிம்பில் முதுகு காட்டி உட்கார்ந்தான், பின்பக்கமாக விழுந்து இறங்குவதற்கு. முகமூடியில் எச்சில் துப்பித் தேய்த்தான். நானும் என்னுடையதை மாட்டினேன். ஜெபஸ்டின் நடுவில் நின்று, “இறங்கறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கலாம்” என்றார். “பாத்தாச்சு பிரதர்” என்றான் அஷ்வத். “எப்போ?” “ஹார்பர்ல. முப்பி பாத்தா.” பிறகு என் பக்கம் திரும்பினான், முகத்தில் கிண்டல் இருக்கிறதா என்று தேடினேன், இல்லை, சூரியனுக்குக் கண்ணைச் சுருக்கியிருந்தான், அவ்வளவுதான். “நாலு கோர்ஸ் முடிச்ச பொண்ணு ஓகேன்னு சொல்லிட்டா. அதுக்கு மேல என்ன? அவ ஓகேன்னா ஓகே.” சொல்லிவிட்டு ரெகுலேட்டரைக் கடித்துக்கொண்டான். இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அலுவலகத்தில் ஒரு வேலையை முடித்துவிட்டேன் என்றால் இன்னொருவர் அதைத் திறந்து சரிபார்ப்பார். கிராம அலுவலர் மூன்று முறை கேட்டார். அம்மாகூட அடுப்பை அணைத்துவிட்டேன் என்றால் எழுந்து போய்ப் பார்ப்பாள். என் ஒரு சொல்லின்மேல் ஒரு ஆள் முழு உடம்பையும் பின்பக்கமாகச் சாய்க்கிறான், அந்தச் சொல் பொய், அந்த ஆள் இவன். எனக்குக் கிடைத்த முதல் நம்பிக்கையை இவனிடமா, இப்படியா செலவழிக்கவேண்டும்? அவன் ஒரு கையால் முகமூடியையும் இன்னொரு கையால் இடுப்பையும் பிடித்துக்கொண்டு ஜெபஸ்டினின் எண்ணிக்கைக்காகக் காத்திருந்தான். “ஒண்ணு” என்றார் ஜெபஸ்டின். “நிறுத்துங்க” என்றேன்.  “அவர் வால்வு மூடிருக்கு.” அஷ்வத் ரெகுலேட்டரைத் துப்பினான். “மூடிருக்கா? இப்போகூட மூச்சு விட்டேனே. ஃபுல்லா திறந்து அரைச் சுத்து பின்னாடி, நான்தான் விட்டேன், ரூலே அதானே.” “எந்தக் காலத்து ரூல் அது?” என்றபடி ஜெபஸ்டின் அவன் முதுகுக்குப் பின்னால் கை வைத்தார். வலது பக்கம் அரைச் சுற்றில் நின்றது. இடது பக்கம் திருகினார். திருகிக்கொண்டே இருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, அந்தக் கிறீச் சத்தம் நிற்கவே இல்லை. அருளப்பன் அண்ணன் “அடப்பாவி” என்றார்.

ஜெபஸ்டின் என்னைப் பார்த்தார். “எப்போ பாத்த?” “ஹார்பர்ல.” “மூச்சு இழுக்கும்போது முள் எறங்குச்சா?” “எறங்குச்சு. நூத்தம்பது வரைக்கும்.” “அப்புறம் ஏன் ஓகே சொன்ன?” பதற்றத்தில் மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். எல்லாரும் நம்புவார்கள், நான் பதறுகிறவள் என்பதற்குப் பெரிய திரையில் போட்ட ஆதாரம் இருக்கிறது, வாழ்நாள் முழுக்க அந்த ஒரு வீடியோவைக் காட்டியே தப்பிக்கலாம். “வேணும்னுதான் சொன்னேன்” என்றேன்.  அலை படகின் வயிற்றில் தட்டிக்கொண்டிருந்தது. அஷ்வத்தின் முகத்தைப் பார்த்தேன். கண் அகன்றது, தோள் மெதுவாக மேலே ஏறியது, கை படகின் விளிம்பை இறுகப் பிடித்தது, எல்லாம் வரிசையாக, பாடத்தில் உள்ளதுபோல, காற்று தாராளமாக இருக்கிற இடத்தில். இரண்டு வருடம் நான் கேட்டது. கடலைப் பார்த்து அந்தப் பயம் இல்லை, என்னைப் பார்த்து. இனித்தது. ஒரு மூச்சு அளவுக்கு இனித்தது, மறைக்க ஒன்றுமில்லை. அடுத்த மூச்சில் இனிக்கவில்லை. “இவகூட நான் எறங்கமாட்டேன்” என்றான். “யாரும் எறங்கல” என்றார் ஜெபஸ்டின். குரலை உயர்த்தவில்லை. என் பக்கம் திரும்பாமலே சொன்னார், “உனக்கு மீட்புப் பயிற்சி சான்று அட்டையில கையெழுத்துப் போட்டது நான். கரைக்குப் போனதும் அதைக் கொண்டுவந்து என் மேசையில வெச்சிடு.” சரிங்க என்றேன். அஷ்வத்திடம், “நீங்க அந்தமான் போனது எந்த மாசம்?” என்று கேட்டார். அஷ்வத் கேமராவை மணிக்கட்டிலிருந்து அவிழ்க்கத் தொடங்கினான். நங்கூரம் ஏறியது.

திரும்பிப் போகும்போது அலை எதிரே வந்தது, முகத்தில் தண்ணீர் தெறித்தது, யாரும் துடைத்துக்கொள்ளவில்லை. அட்டையை மேசையில் வைப்பேன். அலுவலகத்தில் இது எப்படிப் பரவும் என்று யோசித்துப் பார்த்தேன், மூக்கைப் பிடித்துக் காட்டுவது இனி இராது, நான் லிஃப்டில் ஏறினால் இறங்கிவிடுவார்கள், அதை வேண்டுமா என்று என்னைக் கேட்டால் இப்போதைக்குச் சொல்லத் தெரியவில்லை. வேலை போகலாம். போனால் அம்மாவிடம் என்ன சொல்வது, உள்ளபடி சொன்னால் அவள் என்ன கேட்பாள். வெகுநேரம் கழித்து அஷ்வத் பேசினான், எஞ்சின் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி, ஆனால் மற்றவர்களுக்குக் கேட்காதபடி. “நான் உனக்கு என்ன பண்ணேன்?” நிஜமாகவே கேட்டான். நான் சொன்னேன், ஆண்டு விழா, வீடியோ. அவன் நெற்றியைச் சுருக்கி யோசித்தான். “அது ஜோக்கு. நீயும்தானே சிரிச்ச?” “சிரிச்சேன்.” அவன் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தான். பிறகு, “கீழ போயிருந்தா... உன் ஆக்டோபஸைக் கொடுத்திருப்பேல்ல?” என்றான். ஆமாம் என்று உடனே சொல்லியிருக்கலாம். கேட்டதற்குச் சரியான பதிலைத் தேடினேன், தேடியதை அவன் பார்த்தான். “கொடுத்திருப்பேன்” என்றேன். “உடனேயான்னு மட்டும் எனக்குத் தெரியல.” அவன் எழுந்தான். படகின் அந்தப் பக்கத்துக்குப் போய், ஜெபஸ்டினுக்கும் அப்பால், காலி ஐஸ் பெட்டியின்மேல் உட்கார்ந்தான். அந்தப் பக்கம் ஏற்கெனவே கழற்றி வைத்த மூன்று சிலிண்டரும் நங்கூரமும் இருந்தன, படகு தாழ்ந்து ஒரு கை தண்ணீர் உள்ளே ஏறியது. “தம்பி, எங்க போற நீ? பாரம் ஒருபக்கமாப் பூடுது பாரு” என்று கத்தினார் அருளப்பன் அண்ணன். “அந்தப் பொண்ணு பக்கத்துலயே குந்து. கரை வர்ற வரைக்கும் ஆடாத.” அஷ்வத் அவரைப் பார்த்தான், ஜெபஸ்டினைப் பார்த்தான். குனிந்து, விளிம்பைப் பிடித்துப் பிடித்து வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டேன்.